இரண்டு பூட்டுத் துருசு

நீர்ப்பாசன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு வயது வரும் முன்னரே வேலையை விட்டு இறங்கியவன் நான்; ஒரு இடத்தில் குந்தியிருக்க ஏலாத பிறவி. ஆனாலும் எழுதுகிறேன். வாய்க்கால் வெட்டுவதும் கட்டுக் கட்டுவதும் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அந்தப் பக்கம் நான் வரவில்லை. செத்தவர்களை அடக்கியும் எரித்தும் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் மேசையைப் போட்டு உங்களை இருத்தினால் என்ன செய்வீர்கள்? இந்தக் கிழக்குக் கரையில் தண்ணீர் வேலைக்கு வருகிறவருக்கு அந்த மேசை என்றைக்காவது ஒரு நாள் வரும்.

எனக்கு எண்பதுகளின் நடுவில் வந்தது.

கல்முனைக்கு மேற்கே மருதடி வட்டை என்று ஒன்று. ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. அதில் மேல்பாதி கல்முனை, சாய்ந்தமருது முஸ்லிம்களான சோனகர்களுடையது. கீழ்ப்பாதி பக்கத்துத் தமிழூராருடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு மண்கட்டு, அதில் மதகு மாதிரி ஒரு துருசு, துருசுக்கு ஓர் இரும்புக் கதவு. கதவை இறக்கினால் தண்ணீர் மேலே நிற்கும். தூக்கினால் கீழ்வயல் வழியே ஓடிக் கடலோரக் களப்பில் விழும். எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது என்று சொல்கிறவர் வட்டை விதானை. நாடாளுமன்றத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாத விவசாயிக்கும் வட்டை விதானை யாரென்று தெரியும். சோற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரம் அது.

அந்த வருடம் இரண்டு ஊரும் எரிந்தன. யார் தொடங்கியது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சோனகன், என் வாயிலிருந்து வரும் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கே தெரியும். கூரை போன வீடுகளுக்குள் பகலில் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. விளைந்து நின்ற நெல்லை வெட்ட ஒருவரும் வயலுக்குள் இறங்கவில்லை. கிளி தின்றது, எலி தின்றது, மிச்சத்தை மழை தின்றது. மேல்வயல்காரன் வயலுக்குப் போகும் பாதை தமிழூருக்குள்ளால் கிடந்தது. கீழ்வயல்காரனுக்குத் தண்ணீர் வரும் வழி சோனகர் வயலுக்குள்ளால் கிடந்தது. ஒருவரை ஒருவர் பட்டினி போட இரண்டு பக்கத்துக்கும் முடியும் என்று கண்டுகொண்ட பிறகுதான் சமாதானம் பேச வந்தார்கள். அன்பால் வந்தவர் எவரையும் நான் காணவில்லை. நீங்களும் அதைத் தேடாதீர்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். பேசுவதைக் கேட்டு எழுத நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து நான். சோனகர் பக்கத்துக்கு ஆதம்பாவா விதானை. தடித்த உடம்பு, மெல்லிய குரல். தமிழர் பக்கத்துக்குச் சாமித்தம்பி விதானை, கோவில் வண்ணக்கரோடு வந்திருந்தார். அந்த ஊரில் கோவில் காரியம் பார்க்கிற வண்ணக்கரின் சொல்லுக்குத்தான் சனம் எழும்பும். கலவரத்துக்கு முன்னர் ஆதம்பாவாவும் சாமித்தம்பியும் மச்சான் போட்டுக் கதைத்தவர்கள். அன்றைக்கு இருவரும் ஒருவரை ஒருவர் “விதானையார்” என்றார்கள்.

சோனகர் பக்கம் போட்ட தேத்தண்ணீரை முதலில் யார் குடிப்பது என்று ஒரு தயக்கம் நின்றது. வண்ணக்கர்தான் எடுத்து ஒரு மிடறு குடித்தார். “இவ்வளவு சீனியா? சமாதானத்தோட எங்களுக்குச் சலரோகமும் தரப் பாக்கிறீங்க போல.”

“குறைச்சுப் போட்டா சோனகன் கஞ்சன் எண்டு செல்லுவீங்க,” என்றார் ஆதம்பாவா.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒரு போகம் சோனக விதானை தலைமை, தமிழ் விதானை இரண்டாமாள். அடுத்த போகம் அப்படியே மாறும். துருசுக் கதவின் சங்கிலிக்கு இரண்டு ஆமைப்பூட்டு, அவரவர் பூட்டின் திறப்பு அவரவர் இடுப்பில். இருவரும் வந்தால்தான் கதவு அசையும். ஒருவர் பூட்டில் மற்றவர் கை வைத்தால் உடன்படிக்கை முறிந்தது என்று பொருள். கீழ்வயல் காயாமலும் மேல்வயல் தண்ணீரில் தாழாமலும் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று எல்லோரும் நினைத்தோம்.

முடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. விதானைமாரில் ஒருவர் வர ஏலாமல் போனால் அவருக்குப் பதில் யார்? அதை நான்தான் கேட்டேன். கேட்பது என் வேலை.

“வர ஏலாம எண்டா?” என்றார் ஆதம்பாவாவின் மருமகன் கலீல். “மவுத்தாப் போனா எண்டா கேக்கிறீங்க? இந்தா முன்னால இரிக்கிற மனுசனுக்கா?”

தமிழர் பக்கத்திலும் அதே முகம்தான். உயிரோடு இருப்பவருக்குப் பதிலாள் பெயர் எழுதுவது அவருக்குப் பாடை கட்டுவது போல என்று வண்ணக்கர் தலையை ஆட்டினார். அது வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊரும் இதில் உடனே ஒத்துப்போயின. அந்தக் காலத்தில் காலையில் சந்தைக்குப் போனவர் பின்னேரம் திரும்புவார் என்று எழுதிக் கொடுக்க ஒருவராலும் முடியாது. சாவு எல்லோருக்கும் பக்கத்தில் குந்தியிருந்தது. அதன் பெயரை மட்டும் ஒருவரும் வாயால் சொல்ல விரும்பவில்லை. தலைமை தாங்கிய மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு எல்லோரும் ஒப்பமிட்டார்கள்.

பிறகு, நாடுகளைப் பங்கு போட்டு எழுதிய ஒப்பந்தங்கள் சிலவற்றையும் வாசித்திருக்கிறேன். எத்தனை நாற்காலி, யாருக்கு எந்த அமைச்சு, கொடி எந்த உயரத்தில் என்று எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போட்டவரைச் சுட்டுவிட்டால் மறுநாள் காலையில் யார் கதவைத் திறப்பார் என்று இருக்காது. பெரிய மண்டபங்களிலும் அதே வெட்கம்தான்.

மாரி வந்தது. வானத்துக்கும் வயலுக்கும் இடையில் ஒரு வெளிச்சமும் இல்லாமல் சாம்பல் நிறமாகக் கிடந்த மார்கழிக் கடைசி. நெல் குடலைப் பருவத்தில், கதிரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றது. ஒரு காலையில் படையினர் தமிழூரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை வெளியே கூப்பிட்டு வரிசையில் இருத்தினார்கள். சிலரை லொறியில் ஏற்றினார்கள். ஏற்றப்பட்டவர்களில் சாமித்தம்பியும் ஒருவர். திறப்பு அவருடைய அரைஞாண் கொடியில் இருந்தது. அவரோடு அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகு மழை விடவே இல்லை.

நான் துருசடிக்குப் போய்ச் சேரும்போது மேல்வயல் கடலாகியிருந்தது. நெல்லின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆதம்பாவா தன்னுடைய பூட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கட்டின் மேல் நின்றார். மற்றப் பூட்டு சங்கிலியில் அப்படியே கிடந்தது. கலீலும் இன்னும் கொஞ்சப் பேரும் பூட்டை நெம்பி உடைக்க அலவாங்கோடு நின்றார்கள். கட்டின் ஓரத்தில் மண் கரைந்து கரைந்து விழுந்தது. நான் பார்த்த அளவில், கதவைத் தூக்கினால் கீழ்வயலில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக் களப்புக்குப் போய்விடும். தூக்காவிட்டால் கட்டு தானாக உடையும். உடைந்தால் மேல்வயல் அழுகும், கீழ்வயல் இருந்த இடமே தெரியாது.

“மாமா,” என்றார் கலீல், “ஒரு ஊர்ட சோறு தாழுது. நீங்க ஒரு இரும்புத் துண்டுக்குக் காவல் நிக்கிறீங்க.”

ஆதம்பாவா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்: “தம்பி, இண்டைக்கு இவனுகள் உடைச்சாப் பயிர் தப்பும். ஓம், தப்பும். நாளைக்கு அவங்கட ஊரில என்ன கதை வரும்? விதானையப் புடிச்சுக் குடுத்ததும் சோனகன், பூட்டை உடைச்சதும் சோனகன், எங்கட வயலுக்குத் தண்ணியத் தள்ளினதும் சோனகன். நாளாண்டைக்கு எங்கட ஆக்கள் எந்தப் பாதையால வயலுக்கு வாற?”

அவர் சொன்னது சரி. கலீல் சொன்னதும் சரி. இந்த வேலையில் உங்களுக்கு வரும் கேள்விகள் அப்படித்தான் வரும், இரண்டு சரிகளைத் தூக்கிக்கொண்டு. ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைத் தமிழூர்ப் பக்கம் உருட்டினேன். சேறான கட்டின் மேல் சைக்கிள் ஓடவில்லை. பாதித் தூரம் அதை நான் சுமந்தேன்.

ஊரில் ஆண் வாடையே இல்லை. பிடிபடாதவர்கள் ஒளித்துவிட்டார்கள். கோவில் மடத்தில், வயதானதால் விடப்பட்ட வண்ணக்கரும் பெண்களும் பிள்ளைகளும் குளிருக்கு ஒடுங்கி இருந்தார்கள். நான் உள்ளே போனதும் பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சோனகத் தொப்பியோடு ஒருவன் அந்த நாளில் அங்கே வருவது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. விசயத்தைச் சொன்னேன். சாமித்தம்பி விதானைக்குப் பதிலாக ஓர் ஆளைப் பெயர் சொல்லி அனுப்புங்கள், அவர் வந்து பூட்டை உடைக்கட்டும், சோனகர் எவரும் தொடமாட்டார்கள் என்றேன்.

வண்ணக்கர் மூலையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். அது அன்னப்பிள்ளை, சாமித்தம்பியின் மனைவி. அழுது முடித்த முகம் இல்லை அது. அழுகையைத் தொடங்கவே மறுத்த முகம்.

“நீங்க கேக்கிறது ஆளை இல்லத் தம்பி,” என்றார். “அவர் இல்லையெண்டு என்ட வாயால சொல்லச் சொல்றீங்க. நான் சொல்லமாட்டன். இந்த ஊரில வேற ஆரும் சொல்லவும் விடமாட்டன்.”

எனக்குக் கணக்குத் தெரியும். எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம். அதையெல்லாம் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து வாதாடியிருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல மனிதர், பின்னர் வேறொரு வட்டையில் அப்படித்தான் செய்தார். அவர் வென்றார், அந்த ஊர் பிறகு அவரோடு பேசவே இல்லை. வெளியே மழை கூரைத் தகரத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அன்னப்பிள்ளையின் நம்பிக்கையில் கை வைக்காமல் அந்தக் கதவைத் தூக்க ஒரு வழி இருக்கிறதா என்று மட்டும் யோசித்தேன். அப்போது வந்ததைச் சொன்னேன்.

“அக்கா, விதானை வந்து கேப்பார்தானே, நான் இல்லாத நேரம் என்ட பூட்டுக்கு என்ன நடந்தது எண்டு. அப்ப அவருக்குப் பதில் சொல்ல உங்கட பக்கம் ஒரு ஆள் வேணும். பக்கத்தில நிண்டு பாத்த ஆள். பதிலாள் வேணாம். சாட்சி வேணும்.”

வண்ணக்கர் நிமிர்ந்தார். அன்னப்பிள்ளை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏமாற்றுகிறேனா என்று பார்த்திருப்பார். ஒரு உரச்சாக்கை மடித்துத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு எழும்பினார். “நானே வாறன்.”

துருசடிக்கு அவர் வந்தபோது அலவாங்குகள் தானாகத் தாழ்ந்தன. கலீல்கூட விலகி வழி விட்டார். அன்னப்பிள்ளை பூட்டைக் கையில் எடுத்து, ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், ஏதோ பிள்ளையின் முகம் போல.

“பூட்டை உடைக்காதீங்க. அவர்ர திறப்பு அதுக்குத்தான் சேரும். சங்கிலிய வெட்டுங்க.”

ஆதம்பாவா மற்றவர்களை ஒதுக்கிவிட்டுத் தானே அலவாங்கை வாங்கினார். சங்கிலி அறுந்தது. கதவு தூக்கப்பட்டது. கறுத்த தண்ணீர் உறுமிக்கொண்டு கீழே போனது. பின்னேரம் வரைக்கும் அன்னப்பிள்ளை கட்டின் மேல் நின்று, தண்ணீர் தன் ஊர் வயலில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலோடு நின்றது. பிறகு வெட்டிய சங்கிலியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். சாமித்தம்பியின் பூட்டு பூட்டியபடியே அதில் தொங்கியது. அன்றையிலிருந்து அது ஒரு வழக்கமாயிற்று. கதவு திறக்க வேண்டுமென்றால் ஆதம்பாவா தமிழூருக்கு ஆள் அனுப்புவார், அன்னப்பிள்ளை வந்து நிற்பார், கம்பி அவிழ்க்கப்படும். பயிரில் பாதிக்கு மேல் தப்பியது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. நான் அந்த மாதிரிக் கதை சொல்ல வரவில்லை.

சாமித்தம்பி வரவில்லை. முகாம் முகாமாக அன்னப்பிள்ளை போய் வந்தார். ஒரு முகாமில் இங்கே இல்லை என்றார்கள், மற்றதில் அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்கள். அடுத்த சிறுபோகம் உடன்படிக்கைப்படி தமிழரின் தலைமை. எங்கள் விதானை சாமித்தம்பிதான் என்று வண்ணக்கர் கூட்டத்தில் சொன்னார். ஆதம்பாவா எழும்பி, அவர் வருமட்டும் நான் அவருக்கு இரண்டாமாள் என்றார். இல்லாத மனுசனுக்குச் சேவகம் பார்க்கிறார் என்று சொந்தப் பள்ளிவாசலிலேயே அவரைக் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார்.

விதைப்பு முடிந்து நாற்றுப் பச்சை தெரியத் தொடங்கிய ஒரு நாள், வட்டையிலிருந்து திரும்பும் பாதையில் முகத்தைக் கட்டிக்கொண்டு வந்த இருவர் ஆதம்பாவாவைச் சுட்டார்கள். பட்டப்பகல். யார் அவர்கள் என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தமிழர் என்றார்கள், சோனகர் என்றார்கள், இரண்டும் இல்லாத வேறு ஆட்கள் என்றார்கள். அடக்கத்துக்கு நான் போனேன். வண்ணக்கர் மட்டும் தனியாகச் சோனக ஊர் எல்லை வரை வந்து, அதற்கு மேல் வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டுப் போனாராம்.

இப்போது துருசுக்கு இரண்டு பக்கமும் விதானை இல்லை. சோனகர் பக்கத்தில் ஆதம்பாவாவின் இடத்துக்கு யார் என்று மூன்று குடும்பம் சண்டை பிடித்தது. சிறுபோகத் தண்ணீர் மேலே தேங்கி நின்றது, கீழ்வயல் வெடித்துக்கொண்டிருந்தது. மறுபடி பள்ளிக்கூட மண்டபம், மறுபடி நான். இந்தத் தடவை தேத்தண்ணீர் இல்லை.

கலீல் எழும்பினார். மாமாவை இழந்த கோபத்தில் உதடு கோணியிருந்தது. “நாங்க எங்கட மையித்தைத் தூக்கிக் கொண்டுபோய் மண்ணில வைச்சிட்டு வந்து இரிக்கம். எங்கட ஆள் இல்லையெண்டு எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் விதானை ஆரு? காணாமப் போன மனுசனோட நாங்க எப்படி ஒப்பந்தம் பேசுற? உயிரோட இரிக்கிற ஆள்ற பேரைச் செல்லச் செல்லுங்க. இல்லாட்டி இந்தப் போகமும் எங்கட போகம்தான்.”

அவர் பக்கத்துச் சனம் ஓம் ஓம் என்றது. தமிழர் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பெயர் சொல்ல ஆள் இருந்தது. ஒளித்திருந்து திரும்பி வந்த இளையவர்கள் இருந்தார்கள். ஆனால் அன்னப்பிள்ளை இருந்த மண்டபத்தில் சாமித்தம்பிக்குப் பதிலாக இன்னொரு பெயரைச் சொல்ல எவருக்கும் நாக்கு எழவில்லை. நான் கலீலை அமர்த்தப் பார்த்தேன், வண்ணக்கரைப் பார்த்தேன். அவகாசம் கேட்டுக் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று யோசித்தேன். தள்ளிவைத்தால் கீழ்வயல் காயும். ஆதம்பாவா போன பாதையில் இன்னும் கொஞ்சப் பேர் போவார்கள். முன்பு ஒரு தடவை எனக்கு வந்த வார்த்தை இந்தத் தடவை வரவில்லை. எல்லா நாளும் வராது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்னப்பிள்ளை பெண்களுக்கு நடுவிலிருந்து எழும்பி, மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எழுதுங்க தம்பி. அவர் இல்ல.”

நான் பேனையை எடுக்கவில்லை. அவர் திருப்பிச் சொன்னார், இந்தத் தடவை மண்டபத்தின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தவருக்கும் கேட்கும்படி.

“சாமித்தம்பி விதானை இல்ல. அவர்ர இடத்துக்கு அவர்ர தம்பி யோகராசா. யோகனுக்கு ஒண்டு நடந்தா அதுக்குப் பிறகு ஆரெண்டும் இண்டைக்கே எழுதுங்க. அதுக்கும் பிறகு ஆரெண்டும் எழுதுங்க. அவங்கட பக்கத்திலயும் அப்படியே எழுதுங்க. இன்னொரு பொம்பிளை வந்து இந்த மேசைக்கு முன்னால நிண்டு இதச் சொல்ல வேணாம்.”

யோகராசா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கலீல் உட்கார்ந்தார். நான் எழுதினேன். சோனகர் பக்கத்தில் முதலில் ஒரு பெயர் வந்தது. பிறகு, கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது பெயர். அது கலீல்தான். தன்னுடைய பெயரை அவரே சொன்னார், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

அன்னப்பிள்ளை ஒப்பமிடும் வரைக்கும் நிற்கவில்லை. வாசல் பக்கம் நடந்தார். பெண்கள் எழும்பிப் பின்னால் போனார்கள். அவர் முற்றத்தைக் கடந்து வீதிக்கு இறங்குவதற்கு முன்னர் உள்ளே யாரோ தண்ணீர் விடும் நாளைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஏலாது என்று ஒரு பக்கம். செவ்வாய் கூடாத நாள் என்று மறுபக்கம். குரல்கள் ஏறின. மேசையில் கை தட்டினார்கள். பழையபடி ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார்கள்.

உடன்படிக்கை உயிர் தப்பிவிட்டது என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.